கோட்டூர்புரத்தில் 'புதுப்பித்த ஸ்டூடியோ' பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் தோழி ஒருத்தி ஒரு வாடகை விளம்பரத்தை அனுப்பி, "ஏய், இது நீ இருந்த வீடுதானே?" என்று கேட்டாள். அதேதான். "முழுவதும் புதுப்பிக்கப்பட்ட ஸ்டூடியோ, அமைதியான தெரு, தனி வாசல், ஏசி." வாடகை மட்டும் 23,000-லிருந்து 25,000 ஆகியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. வீட்டுக்காரர் பெயரையும் தெருவையும் போடப் போவதில்லை. வீட்டைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தரமணியில் வேலை. கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன். அண்ணா நூற்றாண்டு நூலகம் நடக்கிற தூரம். தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள், மத்தியானத்தில் காக்கா கத்தினால்கூடக் கேட்கும். ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம் இந்த ஒற்றை அறை. ஏப்ரலில் பார்க்கப் போனபோது ஏசி 18-ல் ஓடிக்கொண்டிருந்தது, மூலையில் சந்தன ஊதுபத்தி. சுவர் முழுக்க வெள்ளை பிவிசி பேனல், மேலே ஃபால்ஸ் சீலிங், தரையில் மரம் போலவே வினைல் ஷீட். வாசலில் படியே கிடையாது, வெளியிலிருந்து அப்படியே உள்ளே நடக்கலாம். "வீல்சேர்கூடப் போகும்மா" என்று அங்கிள் அதையும் ஒரு வசதியாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சென்னையில் வீடு தேடுகிற எல்லாரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: "2015-ல இங்க தண்ணி வந்துதா அங்கிள்?"

"ஆத்தோரம் வந்துது. நம்ம தெருவுக்கு வரலைம்மா."

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த அறைக்குத் தண்ணீர் தெரு வழியாக வர வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அட்வான்ஸ் ஆறு மாதம், 1,38,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. 11 மாத ஒப்பந்தம், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து, அவ்வளவுதான். வாடகை ஆணையத்தில் பதிய வேண்டாமா என்று கேட்டதற்கு, "11 மாசத்துக்கெல்லாம் எதுக்கும்மா? நீ எங்க பொண்ணு மாதிரி" என்றார் ஆன்ட்டி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி 11 மாதமானாலும் பதிய வேண்டும். அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. நான் ஆறு மாதம் என்று எழுதிய காகிதத்தில் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டவள்.

முதல் எரிச்சல் கரண்ட். தனி மீட்டர் என்றார்கள். அது வாரியத்து மீட்டர் இல்லை, அவர்களே மாட்டிய சப்-மீட்டர். யூனிட்டுக்கு 12 ரூபாய். மே மாதம் 410 யூனிட் ஓடியது, 4,920 ரூபாய் கொடுத்தேன். அரசு இலவசமாகக் கொடுக்கிற யூனிட்டெல்லாம் பங்களா கணக்கில் போய்விடும், எனக்கு ஒரு யூனிட்கூடக் கிடையாது. சரி, இடம் நல்ல இடமாச்சே என்று பொறுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் மழை பிடித்தது. நாலாவது நாள் காலையில் கட்டிலிலிருந்து காலை வைத்தால் வினைல் ஷீட் மெத்தென்று அமுங்கியது. இரண்டு ஷீட் சேருகிற கோட்டில் வரிசையாகத் தண்ணீர் முத்து முத்தாக மேலே வந்தது. காலை எடுத்தால் உள்ளே போகிறது, வைத்தால் வருகிறது. பீரோவைத் திறந்தால் குப்பென்று ஓத வாடை. அடித்தட்டில் வைத்திருந்த மார்க் ஷீட் ஃபைலின் ஓரமெல்லாம் பூஞ்சணம், அம்மா கொடுத்த பட்டுப்புடவையின் மடிப்பில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு படலம். புடவையை இன்னும் அம்மாவிடம் காட்டவில்லை.

அன்று ராத்திரி ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்து, கதவுக்கு இடப்பக்கத்து பேனலைக் கழற்றினேன். உள்ளே சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை துருப்பிடித்த ஒரு இரும்புச் சட்டம். என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஷட்டர் இறங்கும் சட்டம். நான் மாதம் 23,000 கொடுத்துக் குடியிருந்தது கார் ஷெட்.

கார் ஷெட்டுக்கு யாரும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதில்லை, கார் ஏற வேண்டுமே. பங்களாவுக்கு நாலு படி இருந்தது, இதற்கு ஒன்றுமில்லை. அதற்குள் நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. அறை பள்ளத்தில். மழை பெய்தால் தரைக்கு அடியிலிருந்தும் சுவர் வழியாகவும் ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? ஓதத்தைச் சரிசெய்யச் செலவாகும். பேனல் அடித்து மூடுவது மலிவு. ஏசியும் ஊதுபத்தியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

போட்டோவைக் காட்டியபோது அங்கிள் நிதானமாக, "நீ துணியை உள்ளேயே காயப்போடற, ஜன்னலைத் தொறக்கறதில்ல" என்றார். ஜன்னலைத் திறந்தால் இரண்டடியில் அவர்கள் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட். பெண் மாதிரி இருந்தவள் அன்றிலிருந்து 'டெனன்ட்' ஆகிவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன்தான் கேட்டருகே குரலைத் தாழ்த்தி, "முன்னாடி இருந்த தம்பியும் மழைக்குத்தான் காலி பண்ணிச்சு" என்றார்.

டிசம்பரில் காலி செய்தேன். அட்வான்ஸ் கணக்கு இப்படி வந்தது: பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 23,000 (பேனல் அடித்த சுவருக்கு என்ன பெயிண்ட் என்று கேட்காதீர்கள், நான் கேட்டுவிட்டேன்), நோட்டீஸ் இல்லாமல் போனதற்கு 23,000, சுத்தம் செய்ய 4,000, நான் "சேதப்படுத்திய" பேனலையும் தரையையும் முழுசாக மாற்ற 41,000. மீதி 47,000. அதுவும் இரண்டு தவணையாக, கடைசித் தவணை பிப்ரவரியில். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனால், அவர் கேட்ட முதல் கேள்வி "அக்ரிமென்ட் பதிவு எண் என்ன?"

பார்க்கப் போகிறவர்கள் ஏசியை அணைக்கச் சொல்லி அரை மணி நேரம் உள்ளே உட்காருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கதவுக்கு இடப்பக்கத்து பேனலின் கீழ் ஸ்க்ரூவை நான் இறுக்கவில்லை, கையாலேயே கழற்றலாம்.

அது இன்னும் அப்படியே இருக்குமா, பேனலைத்தான் மாற்றிவிட்டார்களே என்று தோழி கேட்டாள். விளம்பரத்தின் மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஏசிக்குக் கீழே இருக்கிற பேனலில், நான் காலண்டர் ஒட்டிப் பிய்த்த டேப்பின் மஞ்சள் தடம் நாலு மூலையிலும் இருக்கிறது.