ஜவுளிக்கடைக்குப் போட்ட ஃபால்ஸ் சீலிங்

காரைக்குடியில் எங்கள் ஜவுளிக்கடை மாடிக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. ஜிப்சம் போர்டுதான் அழகு என்றார்கள். அழகுதான், ஆனால் மேலே ஏசி பைப் ஒழுகினால் போர்டை அறுக்க வேண்டும். அதனால் 2 அடிக்கு 2 அடி மினரல் ஃபைபர் டைலை (கனிம நாரில் செய்த லேசான அட்டை) டி-கிரிட்டில், அதாவது கூரையிலிருந்து தொங்கும் உலோகச் சட்டக் கட்டங்களில், போட்டோம். பழுது என்றால் டைலை மேலே தள்ளி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். கடை இரைச்சலும் குறைந்திருக்கிறது.

ஈரம்தான் இதற்கு ஆகாது. ஏசிக்குக் கீழே இருந்த டைல் நடுவில் தொய்ந்து, டீ கொட்டினாற்போலக் கறை. கழிப்பறைப் பக்கம் பிவிசி போட்டது நல்லதாய்ப் போயிற்று.

போட வந்தவர்கள் சட்டத்தைத் தாங்கும் தொங்குகம்பியை ஏசி டக்டிலேயே (காற்றுக் குழாயிலேயே) கட்டப் பார்த்தார்கள். மேல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து அதில் கட்டச் சொன்னேன். பர்மா தேக்கு உத்தரம் பார்த்தே வளர்ந்த அப்பச்சிக்கு இந்த வெள்ளைக் கட்டம் பிடிக்கவே இல்லை! அப்புறம், உபரியாக ஒரு பெட்டி டைல் வாங்கி வையுங்கள். பின்னால் அதே டிசைன் கிடைப்பது கஷ்டம்.