சன்கோல்ட்: நாக்குக்கு நூறு, தோலுக்குப் பூஜ்யம்

சீக்கிரம் பழம் தரும் தக்காளி எது என்று நண்பர் ஒருவர் கேட்டார். எர்லி கேர்ள், ஸ்டுபிட்ஸே, சன்கோல்ட் என மூன்று பெயரையும் அவரே எழுதி, "இதில் எதை வைக்கட்டும்?" என்று முடித்திருந்தார். ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வி வந்த நேரம் சரியில்லை. முந்தைய இரவு பெய்த மழையில் நன்றாகப் பழுத்திருந்த சன்கோல்ட் கொத்து ஒன்று மேலிருந்து கீழ்வரை வெடித்துப் போயிருந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், படிப்பவர்கள் அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் பல பருவங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து வருகிறேன். அடிப்படைச் சமாச்சாரங்களுக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பருவமும் யாராவது ஏமாறுகிறார்கள். விதை உறையில் 50 நாள், 57 நாள் என்று போட்டிருப்பது பொதுவாக நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. விதை முளைத்து நடுகிற அளவுக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். ஆக, '50 நாள் தக்காளி' கைக்கு வர மூன்று மாதத்துக்கு மேல். அதுவும் வானிலை ஒத்துழைத்தால். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காய்ப்பிடிக்காமல் உதிரும். உறையில் உள்ள எண்ணை ரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். அதை நம்பித் தேதி குறிக்கக் கூடாது.

எர்லி கேர்ள் பெயருக்கேற்ற ரகம்தான். பிரான்ஸில் உருவாகி, 1970-களின் நடுவில் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்கு வந்த வீரிய ஒட்டு ரகம். கைக்குள் அடங்கும் சிவப்புப் பழம். சீக்கிரம் காய்க்கும் பல ரகங்கள் ஒரு தடவை காய்த்துவிட்டு ஓய்ந்துவிடும். இது கொடி வகை என்பதால் பருவம் முடியும்வரை காய்த்துக்கொண்டே இருக்கும். குறை என்றால் முதல் கொத்துதான். முதல் பழம் என்ற ஆவலில் கடித்தால் தண்ணீரும் லேசான புளிப்பும் மட்டும் இருக்கும். அப்புறம் வெயில் ஏறி, நீரைக் குறைத்த பிறகு வருகிற பழம் வேறு ஜாதி. கலிபோர்னியக் கடலோரத்தில் இதே ரகத்தை நட்டு வேர் பிடித்ததும் பாசனத்தையே நிறுத்திவிட்டு வளர்க்கிறார்கள். பழம் சிறுத்துப் போகும், விளைச்சல் குறையும், ஆனால் ருசி திரண்டு நிற்கும் என்பதற்காக. தொட்டியில் அந்த அளவுக்குக் காயவிட முடியாது, செடி செத்துவிடும். பழம் நிறம் திரும்பும் சமயத்தில் ஒரு நாள் தள்ளி ஊற்றினாலே வித்தியாசம் தெரிகிறது.

ஸ்டுபிட்ஸே அந்தக் கால செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு இலை மாதிரி விளிம்பு வெட்டில்லாத இலை. குளிர் விலகாத நேரத்திலும் காய்ப்பிடிப்பதுதான் இதன் பலம். மற்றவை பூவை உதிர்த்துக்கொண்டிருக்கும்போது இது பிஞ்சு கட்டிவிடும். ஒட்டு ரகம் இல்லை, விதை எடுத்து வைத்தால் அடுத்த பருவமும் அதே செடி. பழம் சிறியது, ஆரம்பப் பழத்துக்கே நல்ல ருசி இருக்கிறது. வெயில் முற்றினால் சுமார்தான். இதைப் பற்றிப் புகாரும் இல்லை, பெரிதாகப் பேச எதுவும் இல்லை. நல்ல பிள்ளை.

சரி, சன்கோல்டுக்கு வருவோம்.

செர்ரிப்பழ அளவில் சின்னச் சின்னதாகக் காய்க்கும் செர்ரி வகை, ஜப்பானில் உருவான வீரிய ஒட்டு ரகம், 1990-களிலிருந்து வீட்டுத் தோட்டங்களில் சுற்றி வருகிறது. முதலில் புகழ்ந்துவிடுகிறேன், திட்டுவதற்கு மனசாட்சி உறுத்தாமல் இருக்கட்டும். தக்காளி பிடிக்காது என்று சொல்லும் குழந்தைகள் செடியின் அடியிலேயே நின்று பறித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். வெறும் சர்க்கரை இனிப்பு இல்லை, பழ வாசனையோடு கூடிய இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. கொத்து நீளமாக இறங்கும். காம்புப் பக்கமிருந்து நுனி நோக்கி வரிசையாகப் பழுத்துக்கொண்டு போகும். ஒரே கொத்தில் மேலே ஆரஞ்சு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை, நுனியில் இன்னும் பூ. செடிக்கு அலுப்பே கிடையாது. ஆளை விட உயரமாகப் போய், கட்டிய கம்பைத் தாண்டி மறுபடி கீழே தொங்கும். உறைக் கணக்கில் எர்லி கேர்ளுக்கு ஒரு வாரம் பின்னால். ஆனால் சின்னப் பழம் சீக்கிரம் பழுக்கும் என்பதால் நடைமுறையில் அந்த ஒரு வாரம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. ஆரம்பப் பழத்தின் ருசியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பிரச்சினை, இதை எப்போது பறிப்பது என்பதில் இருக்கிறது. எர்லி கேர்ளைச் செங்காயாக இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடலாம். அடிப்பக்கம் லேசாக இளஞ்சிவப்பு தட்டிய பிறகு, பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைப் பழமே உண்டாக்கிக்கொண்டு மீதியும் பழுத்துவிடும். ருசியில் பெரிய நஷ்டம் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் தள்ளக் கூடாது, 12 டிகிரிக்குக் கீழே வாசனை போய்விடும். சன்கோல்டிடம் இந்த வித்தை பலிக்காது. எலுமிச்சை மஞ்சளில் பறித்தால் நிறம் ஆரஞ்சுக்கு வரும், ருசி வராது. சப்பென்று இருக்கும். பழம் அடர் ஆரஞ்சுக்கு மாறி, தோலில் ஒரு மினுமினுப்பு வந்து, கணுவில் விரல் பட்டாலே கழன்று விழுகிற நிலை வரவேண்டும். அதற்கு முன் பறித்தால் இந்த ரகத்தை வளர்த்ததற்கே அர்த்தம் இல்லை.

அந்த நிலைக்கு வந்த பழத்தின் தோல் எதையும் தாங்காது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதற்கென்றே சொன்னது.

வெடிப்பதன் காரணம் எளியது. பழுத்த பிறகு தோல் வளராது. மண் சற்றுக் காய்ந்திருந்து திடீரென்று மழை வந்தால், வேர் உறிஞ்சுகிற நீர் பழத்துக்குள்ளும் போகும், சதை உப்பும், தோல் பிளக்கும். பகலில் இலைகள் நீரை ஆவியாக்கிவிடுவதால் அழுத்தம் குறைவு. இரவில் ஆவியாவது நின்றுபோவதால், வேர் தள்ளுகிற நீர் பழத்தில் போய் முட்டுகிறது. அதனால்தான் மாலையில் முழுசாக இருந்த கொத்து விடிந்ததும் பிளந்து நிற்கிறது. இலையை அதிகம் கழித்துவிட்டால் இன்னும் மோசம். காம்பிலிருந்து கீழே இறங்கும் நேர்கோட்டு வெடிப்பு ஆழமாகப் போகும். பெரிய பழங்களில் காம்பைச் சுற்றி வட்டமாக விழும் வெடிப்பு பெரும்பாலும் மேலோட்டமானது, காய்ந்து தழும்பாகிவிடும். சன்கோல்டில் நான் பார்ப்பது முதல் வகை. பிளந்த வாயில் சாறு திரளும், ஒரு மணி நேரத்தில் எறும்பு, மாலைக்குள் பழ ஈ, மறுநாள் பூஞ்சை.

பரிகாரமாகச் சொல்வதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மண் மேல் காய்ந்த இலையைத் தடிமனாக மூடாக்குப் போட்டேன். மாலைத் தண்ணீரை நிறுத்திக் காலைக்கு மாற்றினேன். இது உண்மையிலேயே உதவியது, யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மழை வரும்போல இருந்தால் முன்கூட்டியே எல்லாவற்றையும் பறித்துவிடு என்பார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே தக்காளி வளர்க்கிற பொறுமை எனக்கு இல்லை. அப்படிப் பறிப்பதில் பாதி மஞ்சளாகத்தான் இருக்கும். தலைகீழாக நின்றாலும் வெடிப்பு குறையுமே தவிர நிற்காது.

இதில் கடுப்பேற்றுவது, பறிக்கும்போதே வெடிப்பது. மழையே இல்லாத நாளில், பழுத்த பழத்தைப் பிடித்து இழுத்தால் காம்புத் தொப்பி செடியிலேயே தங்கிவிடும், பழம் காம்புக் குழியிலிருந்து கீறிக்கொண்டு கைக்கு வரும். இதற்கு மட்டும் வழி உண்டு. பழத்துக்குச் சற்று மேலே காம்பில் ஒரு முட்டி இருக்கும். பழத்தை இழுக்காமல், கட்டைவிரல் நகத்தை அந்த முட்டியில் வைத்து மடக்கினால் தொப்பியோடு வரும். தொப்பி இருக்கும்வரை பழம் பெரும்பாலும் தாங்கும். ஒவ்வொன்றாக இப்படி ஒடித்துக்கொண்டிருந்தால் ஒரு கிண்ணம் நிரம்புவதற்குள் முதுகு போய்விடும். எர்லி கேர்ள் என்றால் அந்த நேரத்தில் கூடையே நிரம்பியிருக்கும்.

நியாயமாகப் பேசினால், வெடித்த பழம் வீணான பழம் இல்லை. அன்றே தின்றுவிடலாம், அல்லது அடுப்பில் ஏற்றிவிடலாம். நஷ்டம் எடையில் பெரிதாகத் தெரியாது. ஆனால் நாலு பேருக்குக் கொடுக்க முடியாது. நம் தோட்டத்துப் பழம் என்று ஒரு பையை நீட்டும்போது, அடியில் சாறு கசிந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது?

"சன்ஷுகர் என்று இதே மாதிரி இன்னொரு செர்ரி ரகம் இருக்கிறது, வைத்துப் பாருங்கள், அது அவ்வளவு வெடிக்காது" என்பார்கள். வைத்துப் பார்த்தேன். உண்மைதான், வெடிப்பு குறைவு. தோல் கொஞ்சம் தடிப்பு. இனிப்பும் இருக்கிறது. ஆனால் சன்கோல்டைத் தின்ற வாய்க்கு அதில் ஏதோ ஒன்று குறைகிறது, அந்தப் புளிப்பும் வாசனையும் என்று நினைக்கிறேன். மெல்லிய தோல்தான் அந்த ருசியைத் தடையில்லாமல் கொடுக்கிறதோ என்று ஒரு சந்தேகம் உண்டு. அப்படியானால் நான் திட்டுவதும் பாராட்டுவதும் ஒரே விஷயத்தைத்தான்! இருந்தாலும் திட்டத்தான் போகிறேன். விதையை எடுத்து வைத்துத் தோல் கெட்டியான பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பவர்களும் உண்டு. ஒட்டு ரகத்தின் அடுத்த தலைமுறையில் எது வரும் என்று சொல்ல முடியாது. எனக்குச் சிவப்பாகக்கூட ஒன்று வந்தது, அதுவும் சுமார்தான்.

ஆக, நண்பருக்கு. ருசி, விளைச்சல், எத்தனை மாதம் காய்க்கிறது என்று மதிப்பெண் போட்டால் சன்கோல்ட்தான் முதலிடம். ஆனால் அடுத்த பருவம் அதை நான் வைக்கப்போவதில்லை. நல்ல வெயில் படுகிற இடம் எர்லி கேர்ளுக்கு, ஓரத்தில் ஸ்டுபிட்ஸே. முதல் கொத்து சப்பென்றுதான் இருக்கும், பரவாயில்லை, முழுசாக இருக்கும். சொட்டுநீர் போட்டு, மேலே மழைத்தடுப்பும் போட்டிருப்பவர்கள் சன்கோல்டைத் தாராளமாக வைக்கலாம். நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது ஒருவர் வைத்தால் போதும். அது பக்கத்து வீடாக இருந்தால் இன்னும் நல்லது.