கேப்ஸ்யூலா, ஹாஸ்டலா? ஜப்பானில் ஒன்பது இரவுகள்

ஜப்பானுக்குத் தனியாகக் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் முதலில் ரயில் பாஸைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி படுக்கையைப் பற்றி. ஹோட்டல் அறைக்கு அவ்வளவு செலவழிக்க முடியாது, பயணிகள் ஒரே அறையில் கட்டில்களைப் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டலில் தங்கலாமா, ஆள் படுக்கும் அளவுக்கான பெட்டிகளை அடுக்கி வைத்த கேப்ஸ்யூல் ஹோட்டலில் தங்கலாமா? ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ என்று நான் தங்கியது ஒன்பது இரவு. ஆறு இரவு ஹாஸ்டல், மூன்று இரவு கேப்ஸ்யூல். எது மலிவோ அதில் தங்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே போன பிறகு, விலையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்று புரிந்தது.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஓர் இரவுக்கு 3,000 முதல் 5,000 யென் வரை ஆகிறது. சனிக்கிழமையும் செர்ரி பூக்கும் காலமும் வந்தால் இரண்டுமே ஏறும். ஜப்பானியச் சட்டத்திலும் இரண்டும் ஒரே வகைதான்: பலர் ஓரிடத்தைப் பகிர்ந்துகொண்டு தூங்கும் எளிய தங்குமிடம். ஆனால் கேப்ஸ்யூலில் நாம் காசு கொடுப்பது தூக்கத்துக்கு மட்டும். ஹாஸ்டலில் பகலில் உட்கார, சமைக்க, பேச ஓர் இடம் சேர்ந்து வருகிறது.

இந்த வித்தியாசம் இரண்டும் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979-இல் ஒசாகாவின் உமேதா பகுதியில் திறந்தது. அதை வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர். 1972-இல் டோக்கியோவில் எழுந்து 2022-இல் இடிக்கப்பட்ட நாகாகின் கேப்ஸ்யூல் கோபுரமும் அவர் கட்டியதுதான். சானா என்ற வியர்வைக் குளியல் கூடம் நடத்தி வந்த ஒருவர் அவரிடம் கேட்டு உருவானது அந்த ஹோட்டல். கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஆண்கள் வீட்டுக்கு டாக்சி பிடிப்பதற்குப் பதில் குளித்துப் படுத்து, காலையில் அப்படியே வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆண்களுக்கு மட்டும், பெரிய குளியல் கூடம், காலையில் காலி செய்தாக வேண்டும் என்ற மூன்றும் இன்றும் பல கேப்ஸ்யூல்களில் தொடர்வது அதனால்தான்.

ஹாஸ்டலின் கதை வேறு. 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போன இடத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. அன்றிரவு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளை இப்படிப் பயன்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றிய எண்ணம், 1912-இல் அல்டெனா கோட்டையில் நிரந்தர விடுதியாக வளர்ந்தது. ஊரைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்கான இடம் என்பதால் பொதுக்கூடத்துக்கும் பலர் சேர்ந்து சாப்பிடுவதற்கும் அதில் முதலிலிருந்தே இடம் இருந்தது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். இதில் கேப்ஸ்யூல்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். பெட்டி சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். நம் ஊர் ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் மேல் பெர்த்தில் தலை குனிந்தே இருக்க வேண்டும். இதில் நான் நிமிர்ந்து உட்கார முடிந்தது. உள்ளேயே விளக்கும் சார்ஜ் போட பிளக்கும் இருந்தன. பூட்டுள்ள கதவு கிடையாது, இழுத்துவிடும் திரைதான். அதனால் குறட்டைச் சத்தம் தாராளமாக உள்ளே வரும். பக்கத்து ஆள் அலாரத்தை அணைக்காமல் விட்டால் நமக்கும் விடிந்துவிடும். ஆனாலும் பைகளெல்லாம் தனியே லாக்கர் அறையில் இருப்பதால், படுக்கும் தளத்தில் யாரும் ஜிப்பைத் திறப்பதில்லை, பேசுவதும் இல்லை. ஹாஸ்டலில் என்னை எழுப்பியது பெரும்பாலும் விடிகாலை நாலு மணிக்குப் பிளாஸ்டிக் பையைக் கசக்கிக்கொண்டே பெட்டி கட்டுகிறவர்கள்தான். லாக்கர் குறுகலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய சூட்கேஸ் அதில் நுழையாது, வரவேற்பு மேஜை அருகே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஹாஸ்டலில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

இரண்டாவது இரவு வரும்போது கணக்கு மாறுகிறது. பல கேப்ஸ்யூல்களில், நாளைக்கும் சேர்த்துப் பதிவு செய்திருந்தாலும் காலை 10 மணிக்கு வெளியேறிவிட வேண்டும். சுத்தம் செய்து முடித்துப் பிற்பகலில்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். டோக்கியோவில் எனக்கு ஒரு நாள் காய்ச்சல். வெளியே குளிர் மழை. விதி விதிதான் என்று மிகப் பணிவாக, தலை வணங்கிச் சொன்னார்கள். ஒரு காபிக் கடையின் மூலையில் உடம்பு நடுங்க ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சில ஹாஸ்டல்களும் பகலில் படுக்கை அறையைப் பூட்டுவது உண்டு. ஆனால் அங்கே பொதுக்கூடம் இருக்கும், வெந்நீர் இருக்கும், சாய ஒரு சோபா இருக்கும். அன்றிலிருந்து ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் கேப்ஸ்யூல் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் சமையலறை. ஜப்பானிய உணவில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் அடிப்படையாக இருக்கும் 'தாஷி' பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. கேப்ஸ்யூலில் வெந்நீரும் மைக்ரோவேவும் இருந்தால் பெரிது, படுக்கைப் பெட்டிக்குள் சாப்பிடவும் விட மாட்டார்கள். ஒசாகா ஹாஸ்டலில் ரைஸ் குக்கர், மின் அடுப்பு, பெயர் எழுதி ஒட்டி வைக்க ஒரு குளிர்பெட்டி எல்லாம் இருந்தன. அவர்கள் அரிசி குண்டாக, வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ரகம். புளியோதரைக்குச் சரிவராது, தயிர்சாதத்துக்கு அருமை. மூலைக் கடையில் சர்க்கரை சேர்க்காத தயிர் கிடைத்தது, ஊரிலிருந்து எடுத்துப்போன மாவடு தொட்டுக்கொள்ள. எதிரே உட்கார்ந்திருந்த கொரியப் பையன் அந்த மாவடுவைக் கேட்டு வாங்கிக் கடித்துப் பார்த்தான். மறுநாள் பக்கத்து ஊரான நாராவுக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். கேப்ஸ்யூலில் தங்கிய மூன்று நாளும் நான் சக மனிதர் ஒருவரிடமும் பேசவில்லை.

குளியல் விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். பழைய பாணி கேப்ஸ்யூல்களில் பொதுக் குளியல்தான். ஆண் பெண் தனித்தனி, ஆனால் உடையின்றித்தான் இறங்க வேண்டும். பச்சை குத்தியிருப்பவர்களை அனுமதிக்காத இடங்களும் உண்டு. கூச்சம் ஒரு நாளில் போய்விடுகிறது, நாள் முழுக்க நடந்த காலுக்கு அந்தச் சுடுதண்ணீர் தரும் சுகம் எந்த ஹாஸ்டல் ஷவரிலும் இல்லை. துண்டு, பல்துலக்கி, இரவு உடை எல்லாம் கேப்ஸ்யூலில் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடக்கம். ஹாஸ்டலில் துண்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள்.

பெண்கள் பதிவு செய்யுமுன் ஒரு முறைக்கு இரு முறை பார்க்க வேண்டும், ஆண்களுக்கு மட்டும் என்ற இடங்கள் இன்னும் நிறைய. பெண்களுக்குத் தனித் தளம் உள்ள புதிய கேப்ஸ்யூல்களில், ஹாஸ்டலின் கலப்பு அறையைவிட நிம்மதி என்று சொன்ன தோழிகள் உண்டு. கணவன் மனைவியாகப் போனால் கேப்ஸ்யூலில் ஆளுக்கொரு தளம். குழந்தையோடு என்றால் ஹாஸ்டலின் தனி அறையைத் தேடுங்கள்.

அப்புறம், கேப்ஸ்யூலுக்கென்றே அமைந்த ஓர் இரவு உண்டு: அதிகாலை விமானத்துக்கு முந்தைய இரவு. 'நைன் ஹவர்ஸ்' என்ற நிறுவனம் குளிக்க ஒரு மணி நேரம், தூங்க ஏழு, கிளம்ப ஒன்று என்று கணக்குப் போட்டே தனக்குப் பெயர் வைத்தது. 2014-இல் டோக்கியோவுக்கு அருகே உள்ள நரிதா விமான நிலையத்திலேயே ஒரு கிளை திறந்தது. என் கடைசி இரவு அங்கேதான். விழித்து, முகம் கழுவி, பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே இரண்டாம் முனையத்துக்குப் போய்விட்டேன்.

மூடிய இடம் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம் இருப்பவர்கள் ஜப்பான் போய்த்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2021 நவம்பரில் 48 படுக்கைப் பெட்டிகளோடு கேப்ஸ்யூல் பாணியில் ஒரு 'பாட்' ஹோட்டல் திறந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது ஓர் இரவு படுத்துப் பாருங்கள். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் எழுந்து நடைமேடைக்கு வந்துவிடலாம்.