கனடா ஸ்பொன்சர் விசாவுக்கான காத்திருப்பு: ஓராண்டுக்கும் மேலான எங்கள் அனுபவம்

மனைவி கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவிலும், ஆசிரியரான நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலுமாக, அவர் என்னைத் தன்னோடு அழைத்துக்கொள்வதற்கான ஸ்பொன்சர் விசாவுக்குக் காத்திருக்கத் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டது. இந்தக் காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவை எவை, பணத்தையும் நித்திரையையும் தின்றவை எவை என்பதை, இதே வரிசையில் நிற்கப்போகும் மலையகத் தம்பதிகளுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், விசாவைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, மற்ற ஆறு நாட்களிலும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று நாங்கள் செய்துகொண்ட உடன்பாட்டைத்தான் சொல்வேன்.

அதற்கு முன்பு எங்கள் உரையாடல் ஒவ்வொன்றும் "ஏதாவது வந்திச்சா?" என்றுதான் தொடங்கும், வரவில்லை என்றதும் இருவருடைய குரலும் இறங்கிவிடும். விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பக்கம் மாதக்கணக்கில் ஒரு எழுத்தும் மாறாமல் கிடக்கும் என்பதால், அதை நாள்தோறும் திறந்து பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. இப்போது ஞாயிறு தோறும் மனைவி அங்கிருந்து கணக்கைத் திறந்து பார்ப்பார். நான் இங்கே ஆவணக் கோப்பை விரித்து வைத்துக்கொள்வேன். காலக்கெடுவுடன் மின்னஞ்சல் வந்தால் மட்டும் எந்த நாளானாலும் உடனே அறிவிப்போம். இதற்குப் பிறகுதான் வாரநாட்களில் கணவன் மனைவியாகப் பேச எங்களுக்கு நேரம் கிடைத்தது.

மனைவி அங்கே நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், இன்னும் குடியுரிமை பெறவில்லை. அத்தகையவர் ஸ்பொன்சர் செய்வதாயின் கனடாவிலேயே வசிக்க வேண்டும் என்பதால், விடுமுறைக்கு வந்து போகலாமே தவிர, விசா வரும்வரை இங்கே வந்து என்னோடு தங்கிவிட முடியாது. "பொம்பளைய அங்க விட்டுட்டு இங்க என்ன செய்றீங்க தம்பி?" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கி விளக்கி அம்மாவே அலுத்துவிட்டார்.

நேர வித்தியாசத்தைக் கையாள்வது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியும், நவம்பர் முதல் ஞாயிற்றில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்திய பின் பத்தரை மணித்தியாலம் பிந்தியும் இருக்கிறது. ஆகவே நான் பாடசாலைக்குப் புறப்படுவதற்கு முன், காலை ஐந்தரைக்கு எடுத்தால், அவருக்குக் கோடையில் இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஏழு மணி. பகல்நேர வேலை செய்பவருக்கு இது மிகவும் பொருந்துகிறது. இரவில் பேச முயன்ற நாட்களில் ஒருவர் அரைத் தூக்கத்திலும் மற்றவர் வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் இருந்தோம். அதை விரைவிலேயே கைவிட்டோம்.

வீடியோ அழைப்பைப் பற்றி எனக்கு அத்தனை உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் நிலையாக இருப்பதில்லை. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே ரோதைமுனி சாமி கோயில் வளைவுக்குப் போனால்தான் படம் நிற்காமல் ஓடும், அங்கேயோ மழையும் பனியும் அட்டையும். எனவே வீடியோவை வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்து, மிகுதி நாட்களில் குரல் அழைப்பையும் வட்ஸ்அப் குரல் பதிவையும் பயன்படுத்துகிறோம். என் மதிப்பீட்டில் இவற்றுள் முதலிடம் குரல் பதிவுக்கே உரியது. நேரம் ஒத்துவர வேண்டியதில்லை, டேட்டாவும் குறைவு, சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடிக்கலாம். பாடசாலைக்கு நடந்துகொண்டே நான் அனுப்பிய ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, நான் சொன்ன விசயத்தையெல்லாம் விட்டுவிட்டு, "இன்னைக்கு ஸ்டோர்ல சங்கு லேட்டா ஊதியிருக்காங்க போல" என்று அவர் பதில் அனுப்பினார். அவரும் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பெரட்டு நேரம் அவருக்குத் தப்பாது.

மலையகத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு உண்மையான சோதனை ஆவணங்களில்தான் இருக்கிறது. அப்பாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் 'இராமசாமி' என்றும் அவருடைய அடையாள அட்டையில் 'ராமசாமி' என்றும் இருந்தது. நமக்கு இது ஒரு வேறுபாடே அல்ல. ஆனால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் உள்ளதை உள்ளபடியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுகிறார். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, அதையும் மொழிபெயர்த்து இணைத்தோம். அம்மாவின் பிறந்த திகதி இன்னும் சிக்கலாக இருந்தது. பெற்றோர், சகோதரர் அனைவரின் பிறந்த திகதியையும் கனடா குடிவரவுத் துறையின் குடும்ப விபரப் படிவமான ஐஎம்எம் 5406 கேட்கிறது. அம்மாவின் அடையாள அட்டையில் ஒரு திகதி, குடியுரிமைப் பத்திரத்தில் வேறொரு திகதி. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து, 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்டு, மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்ட கதையில், நம் வீடுகளின் பத்திரங்கள் இப்படி இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். அடையாள அட்டையில் உள்ளதையே எல்லாப் படிவங்களிலும் எழுதி, வேறுபாட்டுக்கான காரணத்தை ஒரு விளக்கக் கடிதத்தில் சுருக்கமாகத் தெரிவித்தோம்.

முகவரியும் அப்படித்தான். லயத்துக்கு வீதிப் பெயர் கிடையாது. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து ஆபீஸில் பிரிக்கப்படுகின்றன. எல்லாத் தொடர்பையும் மின்னஞ்சலில் வைத்துக்கொண்டதால் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பினோம். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் முதல் நாளே இறங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில் மண் சரிந்தால் ஹட்டன் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவர்கள், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கிய நாட்டின் பொலிஸ் சான்றிதழையும் பெற வேண்டியிருக்கும் என்பதால், அதை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

உறவு உண்மையானது என்று காட்டுவதற்கான ஆதாரம் குறித்துப் பலரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். எப்படிச் சந்தித்தீர்கள், திருமணத்துக்கு யார் வந்தார்கள் என்றெல்லாம் உறவு விபரப் படிவமான ஐஎம்எம் 5532 கேட்கிறது. நாங்கள் இருவீட்டுப் பெரியவர்களும் இருக்கும் திருமணப் படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் யார் யார் என்று எழுதினோம். மாதத்துக்கு ஒரு அழைப்புப் பட்டியல், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், அவர் வந்து போன விமானச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்தோம். தனிப்பட்ட உரையாடல்களை ஒரு பக்கமும் கொடுக்கவில்லை. முன்பின் அறியாத ஓர் அதிகாரி வாசிப்பார் என்ற நினைவோடு மனைவிக்குக் குறுஞ்செய்தி எழுத என்னால் முடியாது.

மற்றவர்களின் கால அட்டவணைகளைப் பகிரும் குழுக்களில் சில மாதம் இருந்து இருவரும் விலகிவிட்டோம். ஒருவருக்கு எட்டு மாதத்தில் வந்தது என்பதை அறிந்து நமக்கு ஆகப்போவது எதுவுமில்லை. மருத்துவப் பரிசோதனை மட்டும் கவனத்துக்குரியது: அதன் செல்லுபடி 12 மாதங்களே என்பதால், அறிவுறுத்தல் வந்த பின்பே செய்தோம், காத்திருப்பு நீண்டு மறுபடி செய்யச் சொன்னாலும் தாங்கும்படி அந்தத் தொகையை ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) வகுப்பைப் பொறுப்பேற்கும்படி அதிபர் கேட்டபோது, விசாவைக் காரணம் காட்டி மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். இடையில் புறப்பட நேர்ந்தால் பாடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அன்றே பேசி முடித்தோம். மனைவியும் அங்கே நான் வரும்வரை ஒற்றை அறையில் ஒடுங்கிக் கிடக்காமல், தனக்குப் பிடித்த இடத்தில் ஒரு வருட வாடகை ஒப்பந்தம் எழுதிவிட்டார். என் விமானச் சீட்டுக்கான பணம் மட்டும் தனிக் கணக்கில் இருக்கிறது. அதை வேறெதற்கும் தொடுவதில்லை.