ஸ்பெஷல் எபிசோடுக்குக் காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தாய்லாந்து பி.எல். தொடர்கள் (பாய்ஸ் லவ், அதாவது இரண்டு ஆண்களின் காதல் கதைகள்) பார்க்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பதிவு. தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் "அப்படி என்னதான் இருக்கு" என்று இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள், அந்த நாலு பார்வையும் அவர்கள் கணக்கில்தான் ஏறும். கதையைச் சொல்கிறேன், பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். பார்க்காதவர்கள் தப்பித்தீர்கள்.

பாங்காக்கில் இரவு எட்டரை என்றால் நமக்கு ஏழு மணி. பன்னிரண்டு வெள்ளிக்கிழமை, ஆறரைக்கே இரவுச் சமையலை முடித்துவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்தேன். "அக்கா, உன் பசங்க வந்துட்டாங்களா?" என்று தங்கை கிண்டல் செய்வாள். மூன்றாவது வாரத்திலிருந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தொடக்கம் வழக்கமானதுதான். பொறியியல் சீனியர், கட்டடக்கலை ஜூனியர், ஒருவர் சட்டையில் இன்னொருவர் காபியைக் கொட்டுவது. 2016இல் சோட்டஸ் என்ற பி.எல். தொடர் வந்ததிலிருந்து பொறியியல் மாணவன் இல்லாத தாய்லாந்து பி.எல். தொடரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். என்னை இழுத்தது ஜூனியரின் அப்பா. சந்தபுரியில் டுரியன் தோட்டம் வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். மகனும் அவன் சிநேகிதனும் விடுமுறைக்கு வரும்போது தானே பழத்தைப் பிளந்து, சுளையை எடுத்து இரண்டு தட்டில் வைப்பார். ஒன்பதாவது எபிசோடில் அவர்கள் வெறும் சிநேகிதர்கள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கத்தவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் காலை மேசைக்கு வந்து, வைத்த இரண்டு தட்டில் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து அலமாரியில் வைக்கிறார். அவ்வளவுதான். தங்கை அழுதுவிட்டாள். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர்கள் முடிவைச் சொதப்பமாட்டார்கள் என்று நம்பியதுதான் என் தப்பு.

இன்னொன்றும் இருந்தது. 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். இந்தத் தொடர் அதற்குப் பிறகு வந்தது. ஐந்தாவது எபிசோடில் இருவரும், அங்கே திருமணத்தைப் பதிவு செய்கிற ஆம்போ அலுவலக வாசலில் நின்று "டோக்கன் எடுத்துடலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டுக்கொள்வார்கள். அதைச் சும்மா வைத்திருக்கமாட்டார்கள், கடைசியில் அந்த வாசலுக்குத் திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன்.

பதினோராவது எபிசோடில் பிரிந்தார்கள். பன்னிரண்டு எபிசோட் தொடர் என்றால் பதினொன்றில் பிரிவு வருவது ரசிகர்களுக்குள் ஒரு சாபமாகவே பேசப்படுகிற விஷயம், அதனால் பதறவில்லை.

அப்புறம் வந்தது பன்னிரண்டு. மொத்தம் 48 நிமிடம். முதல் 14 நிமிடம் பழைய காட்சிகளையே மெதுவாக ஓட்டினார்கள். பிரிந்த துக்கத்தில் இருக்கிற சீனியர், அறைத்தோழனோடு உட்கார்ந்து ஒரு முகக் கிரீமின் குணநலன்களைப் பேசுகிறான், டப்பாவின் லேபிள் கேமராவைப் பார்த்தபடி. விளம்பரதாரர் இல்லாமல் தொடர் எடுக்க முடியாது, தெரியும். ஆனாலும் அழுத கண்ணோடா கிரீம் பூசுவார்கள்? பிறகு திரையில் "இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்து. இருவரும் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். எப்படிச் சேர்ந்தார்கள்? யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது? தெரியாது. அப்பா தூரத்தில் நின்று புன்னகைக்கிறார். ஒரு வசனம் கிடையாது, தட்டும் கிடையாது. ஆம்போ அலுவலகத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கதையில் இருந்த இன்னொரு காதல் ஜோடி பத்தாவது எபிசோடிலேயே காணாமல் போனது, தேடக்கூட ஆளில்லை.

பெயர்கள் ஓடி முடிந்ததும் வந்தது ஒரு அட்டை: அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் படம், கீழே "சொல்லப்படாத கதை, ஸ்பெஷல் எபிசோடில்". அதாவது முடிவை வெட்டி எடுத்துத் தனியாக விற்கிறார்கள். புத்தி சொன்னது, கை கேட்கவில்லை. ஸ்பெஷல் இருந்த செயலியில் முதலில் மாதச் சந்தா 149 ரூபாய், அதற்கு மேல் ஸ்பெஷலுக்கு 299. கட்டினேன்.

26 நிமிடம் ஓடிய ஸ்பெஷலில் இருந்தது கடற்கரைச் சுற்றுலா, ஒரு பாட்டு, மறுபடியும் அந்தக் கிரீம். அட்டைப் படத்தில் இருந்த அப்பா காட்சி? மகன் கனவு காண்கிறான், நாலு விநாடி.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், அட்டைப் படத்தையும் இணைத்து. இரண்டு நாள் கழித்து "டிஜிட்டல் உள்ளடக்கத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது, தொடர்ந்து ஆதரவு தாருங்கள்" என்று பதில், முடிவில் இதயக்குறி ஒன்று. மறுமாதம் இன்னொரு 149 போனது. இதில் என் தப்பும் உண்டு. பணம் கட்டும்போது யூபிஐ ஆட்டோபேக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறேன், பணம் எடுப்பதற்கு முந்தின நாள் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது, படிக்கவில்லை. நீங்களும் மாட்டியிருந்தால் செயலியை அழித்தால் போதாது. பணம் கட்டுகிற யூபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய் அங்கேயே ரத்து செய்யுங்கள்.

கதை முடிந்த பிறகு கூடுதலாக ஏதாவது கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. 2கெதர் என்ற தாய்லாந்து பி.எல். தொடர் 2020 மே மாதம் 13 எபிசோடோடு முடிந்தது, ஆகஸ்டில் ஸ்டில் 2கெதர் என்று ஐந்து எபிசோட் வந்தது. அது தொடர்ச்சி, தனிப்பெயரோடு வந்தது. இங்கே நடந்தது, சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு ரசத்துக்குத் தனியாகக் கேட்பது. கேட்டபின் ரசமும் ஊற்றாமல் விடுவது.

இனி என் வழக்கம் இது: கடைசி எபிசோட் வெளியாவதற்கு முன்பே ஸ்பெஷலுக்கு விளம்பரம் வந்துவிட்டால், முடிவை அங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். ஒரு வாரம் பொறுத்தால் பார்த்தவர்கள் எழுதிவிடுவார்கள்.

நேற்று இரண்டாம் பாகத்துக்கு டீசர் விட்டிருக்கிறார்கள். தங்கை அனுப்பினாள். நடிகர் பட்டியலைத் தேடிப் பார்த்தோம், அப்பா அதில் இல்லை.