தலையாட்டாத வரி முகவர்: ஒரு தளப் பொறியாளரின் மதிப்புரை

நண்பர்கள் தங்கள் வரி முகவரைப் புகழும்போது எவ்வளவு பணம் திருப்பி வாங்கிக் கொடுத்தார் என்பதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது அளவுகோலாகப் படவில்லை. நாளை வரி அலுவலகம் ரசீதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கட்டுமானப் பொறியாளராக வேலை செய்கிறேன். 2024–25 வரிக் கணக்குக்காக வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சிறிய முகவர் அலுவலகத்துக்குப் போனேன். முகவர் பதிவு பெற்றவர்தானா என்று வரி நடைமுறையாளர் வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் முன்பே பார்த்துவிட்டேன். யாரிடம் போனாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அவர் முதலில் ரசீதுகளைத் தொடவே இல்லை. என் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். அலுவலகத்திலிருந்து தளத்துக்கும், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கும் என் சொந்தக் காரில் போவது வரிக் கழிவில், அதாவது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வேலைச் செலவில், சேரும். அந்த ஆண்டுக்குக் கிலோமீட்டருக்கு 88 சென்ட், 5,000 கிலோமீட்டர் வரை. வீட்டிலிருந்து வேலைக்குப் போவது சேராது. அளவைக் கருவிகளைக் காரிலேயே கொண்டுபோகிறேனே என்றேன். “தளத்தில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்படியானால் அவற்றைச் சுமந்து போவது உங்கள் விருப்பம். கழிக்க முடியாது” என்று அடுத்த தாளை எடுத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

நானே வாங்கிய இரும்பு முனைக் காலணிக்கும் ஒளிரும் சட்டைக்கும் சம்மதித்தார். நிறுவனம் கொடுத்த தலைக்கவசத்துக்கு நான் காசு கொடுக்கவில்லை, ஆகவே அது இல்லை. தளத்துக்கு என்றே வாங்கிய சாதாரண முழுக்கால் சட்டையும் இல்லை. வெயிலில் நின்று வேலை செய்வதால் சன்ஸ்கிரீனுக்கு மட்டும் இடமுண்டாம்! எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா சந்தாவும், குவீன்ஸ்லாந்து பொறியாளர் பதிவைப் புதுப்பித்த கட்டணமும் கேள்வியில்லாமல் ஏறின. மடிக்கணினி 300 டாலருக்கு மேல் என்பதால் ஒரே ஆண்டில் முழுதாகக் கழிக்க முடியாது. தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து, அதிலும் வேலைக்குப் பயன்படும் பங்கை மட்டும் போட்டார்.

வீட்டிலிருந்து வேலை செய்த நேரத்துக்கு அந்த ஆண்டு மணிக்கு 70 சென்ட். தொலைபேசி, இணையம், மின்சாரம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால், நான் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்த தொலைபேசி ரசீதுகளைப் புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார். “வாரத்துக்குச் சுமார் இவ்வளவு மணி” என்ற உத்தேசக் கணக்கும் அவரிடம் எடுபடவில்லை. ஆண்டு முழுவதற்குமான பதிவு வேண்டும் என்றார். என் அலுவலக நேரப் பதிவேடு கைகொடுத்தது.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் சொன்ன கட்டணம் ஒன்று, கடைசியில் வந்த ரசீது வேறு. கார் கணக்குக்கும் தேய்மானத்துக்கும் தனித்தனியாகச் சேர்த்து 240 டாலர் ஆக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், முன்பே சொல்லியிருக்க வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்குள் கேள்வியே மறந்துவிடுகிறது. ரசீதுகளை ஏற்றும் இணையப் பக்கம் படங்களைத் தலைகீழாக்கி வைப்பதில் கெட்டி.

உங்களுக்குச் சந்தாவும் ஒரு ஜோடிக் காலணியும் மட்டும்தான் கணக்கு என்றால் நாமே இணையத்தில் தாக்கல் செய்ய வரி அலுவலகம் தரும் மைடாக்ஸ் போதும், இவ்வளவு செலவு செய்யாதீர்கள். தளப் பயணம், கருவிகள், வீட்டு வேலை என்று கலந்து கிடந்தால் இப்படிக் குடைந்து கேட்கும் ஒருவரிடம் போகலாம். முகவர் வழியாகப் போனால், கடைசி நாளான அக்டோபர் 31 தாண்டியும் தாக்கல் செய்ய இடமுண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே அவருடைய வாடிக்கையாளராகப் பதிந்திருக்க வேண்டும். போகும் முன் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.