பிளகின் நல்லதுதான், வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால்

எங்கள் சிற்றிதழ்த் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது, இணையதளம் நடத்த உதவும் இலவச மென்பொருள் அது. போன வாரம் தளத்தின் ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 8-ஆம் பதிப்பு வந்தது. மறுநாள் தளத்தைத் திறந்தால் கடும் பிழை என்று ஒற்றை வரி, வேறெதுவும் இல்லை. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. எந்த பிளகின் (கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் துணை நிரல்), எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று நிர்வாகியின் மின்னஞ்சலுக்குத் தகவல் வந்துவிடும். உள்ளே நுழைந்து பழுது பார்க்க ஒரு தனி இணைப்பும் கூடவே வரும்.

சிக்கியது, கட்டுரைக்கு அடியில் 'தொடர்புடைய பதிவுகள்' காட்டும் ஒரு குட்டி பிளகின். எழுதியவர் அதைத் தொட்டே வருடக்கணக்காகிறது. உள்ளே 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய கட்டளை. பிஎச்பி 7.2-இலேயே அது போகப்போகிறது என்று எச்சரித்து, 8.0-இல் எடுத்தே விட்டார்கள். அந்த ஒரு வரியைப் புது முறையில் மாற்றினேன், தளம் எழுந்துகொண்டது. யாரும் திருத்திக்கொள்ளலாம் என்னும் ஜிபிஎல் உரிமம் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதியவர் கைவிட்டாலும் பொருள் நம் கையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் எத்தனை மென்பொருளில் இது நடக்கும்?

இதைக் கேட்ட நண்பர், "அப்போ நானும் வேர்ட்பிரஸிலேயே ஆரம்பிச்சிடட்டுமா?" என்றார். உடனே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் தீம், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு. இலவசமாகக் கிடைப்பவை ஆயிரக்கணக்கில் உண்டு, மாதிரிப் படத்தில் எல்லாமே அழகு. தமிழைக் கொட்டினால்தான் சாயம் தெரியும். தலைப்புக்கு வரி உயரம் 1.1 என்று வைத்திருப்பார்கள். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி 'ழு'வின் சுழி கீழ்வரி 'கி'யின் கொக்கியில் போய் முட்டும். தீமோடு வரும் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழே இருக்காது, விண்டோஸில் நிர்மலாவோ லதாவோ வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் சைல்டு தீம் ஒன்று போட்டு, வரி உயரத்தை 1.5 ஆக்கி, முக்தா மலர் எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒருமுறை செய்தால் போதும், தீம் அப்டேட் ஆனாலும் அழியாது.

எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் ஹூக் ஏற்பாடு, அதாவது வேர்ட்பிரஸின் நிரலோடு நம் நிரலைக் கோத்துவிட வைத்திருக்கும் கொக்கிகள். பட்டியலில் கட்டுரைச் சுருக்கமாக 55 சொற்களை எடுப்பது வேர்ட்பிரஸின் இயல்பு. ஆங்கிலத்துக்கு அது நாலு வரி, நம் நீளச் சொற்களுக்கு ஒரு பாராவையே விழுங்கிவிடும். மூலநிரலில் கை வைக்காமல், சைல்டு தீமில் ஃபில்ட்டர் என்ற வகை ஹூக்கை நாலைந்து வரியில் எழுதி 25 ஆக்கிவிட்டேன். உலகில் யாரோ எழுதிய எந்திரத்துக்குள் நம் திருகாணியை மாட்ட அவர்களே துளை விட்டு வைத்திருக்கிறார்கள்.

துளை விடாத இடமும் உண்டு. தமிழ்த் தலைப்பை அப்படியே பதிவின் இணைய முகவரி ஆக்கினால் ஒவ்வொரு குறியும் உள்ளே '%E0%AE%A4' என்பது போல 9 எழுத்தாக விரியும். இருக்கும் இடம் 200 எழுத்து. புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு என்பதால் 22 குறியோடு கதை முடிந்தது. 'தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'தஞ்சாவூர்ப்-பெரிய-கோயிலி' என்று அந்தரத்தில் நிற்கும். நான் முகவரியைக் கையாலேயே ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். இது பெரிய குறை இல்லை.

பெரிய குறை டாஷ்போர்டில், அதாவது தளத்தை நிர்வகிக்கும் உள்பக்கத்தில் இருக்கிறது. கட்டுரை ஏற்ற உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது கட்டுரை இல்லை. "எங்களைப் பிடித்திருக்கிறதா? 5 நட்சத்திரம் கொடுங்கள்" என்று ஒரு பட்டை. அதற்குக் கீழே "பிரீமியத்துக்கு மாறுங்கள், பாதி விலை". அப்புறம் "உங்கள் தகவலைச் சேகரிக்க அனுமதிப்பீர்களா". எல்லாம் தாண்டி, மடிக்கணினித் திரையில் பாதி தூரம் உருட்டிய பிறகுதான் பதிவுப் பட்டியல் வரும்.

'அட்மின் நோட்டீசஸ்' என்ற ஹூக் இதற்கு வழி விடுகிறது. 'மாற்றங்கள் சேமிக்கப்பட்டன' போன்ற அறிவிப்புக்காக வைத்த வாசல் அது. அந்த வாசலில் காவல் கிடையாது. எந்த பிளகினும் வந்து எதையும் எழுதலாம். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் பட்டை மறையும், ஆனால் அந்தப் பக்கத்தில் மட்டும். 'இவர் ஒருமுறை மூடிவிட்டார்' என்று நினைவில் வைப்பது பிளகின் எழுதியவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. செய்யாவிட்டால் அடுத்த பக்கத்தில் பட்டை மறுபடி ஆஜர். டாஷ்போர்டைக் கைப்பற்றாதே என்று பிளகின் தொகுப்பகத்தின் 11-ஆவது விதியே சொல்கிறது. விதி அங்கே இருக்கிறது, பட்டை இங்கே இருக்கிறது.

இந்தப் பட்டைகளை மறைப்பதற்கென்றே பிளகின்கள் வந்துவிட்டன. அதிலும் ஒன்றுக்கு பிரீமியம் பதிப்பு! மொத்தமாக மறைத்தால் உண்மையான பாதுகாப்பு எச்சரிக்கையும் சேர்ந்து மறையும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். இந்த பிளகின்களை எழுதுகிறவர்களில் பலருக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. நான் தூங்கும்போது ஓட்டையை அடைத்து அப்டேட் அனுப்புகிறவர்கள். இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை எப்படிக் கட்டுவது? விற்கத்தான் வேண்டும். சரி. ஆனால் 2007-இலிருந்து தகாயுகி மியோஷி வளர்த்துவரும் கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற, வாசகர்கள் கடிதம் அனுப்பும் படிவத்துக்கான பிளகினையும் பல வருடமாக வைத்திருக்கிறேன். நன்கொடை வேண்டுமானால் அதன் சொந்தப் பக்கத்துக்குள் கேட்கும், என் முற்றத்தில் வந்து தட்டி வைக்காது. வந்த கடிதங்களைத் தானாகச் சேமிக்காது, அதற்கு அவருடைய ஃபிளமிங்கோ பிளகினைத் தனியாக நிறுவ வேண்டும். அது ஒரு தொல்லைதான், ஆனால் பேசாத தொல்லை.

இதற்கு நேர்மாறு எங்கள் கேச் பிளகின், பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்து வேகமாகக் காட்டுவது. செல்போனில் கூட தளம் சட்டென்று திறப்பது முழுக்க அதன் புண்ணியம், ஒருநாளும் படுத்ததில்லை. பட்டை போடுவதிலும் அதுதான் முதலிடம். மூடினால் திரும்பி வரும், அப்டேட் ஆனால் நிறம் மாறி வரும்.

நண்பரிடம் "இப்போதைக்கு வேண்டாம், நாலு பக்கம்தானே, சாதாரண எச்டிஎம்எல்லில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் தளத்தை மாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. நட்சத்திரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் அல்லவா, நேற்று கொடுத்தேன். கான்டாக்ட் ஃபார்முக்கு 5. கேச் பிளகினுக்கு 1. இதைவிட நல்ல கேச் பிளகினை நான் பார்த்ததில்லை என்பதையும் அதே மதிப்புரையில் எழுதிவிட்டேன்.